மலையில் பிறந்த பிள்ளைகளை மருத்துவர்களாக்கினால் அவர்கள் மலையிலேயே பணியாற்றுவார்களா?

கேள்வி: ஜவ்வாதுமலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் ஜவ்வாதுமலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் உயிரியல் கற்பிக்கிறேன். இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு மாணவியர் மருத்துவம்தான் படிப்போம் என்று உறுதியாக நிற்கிறார்கள். அவர்களுள் ஒருத்தியின் அத்தை, பிரசவத்துக்குப் பிறகு இரத்தப்போக்கு நிற்காமல், மலை இறங்கும் வழியிலேயே வண்டிக்குள் உயிரிழந்தவர். அந்தப் பெண் மருத்துவர் ஆக வேண்டும் என்று சொல்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் இளம் மருத்துவர்கள் நல்லவர்கள், அக்கறையோடு பார்ப்பவர்கள். ஆனால் மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததும் அவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். அடுத்தவர் வந்து ஊர்களின் பெயரைத் தெரிந்துகொண்டு, யார் வீட்டில் யாருக்கு வலிப்பு, யாருக்குக் காசநோய் மருந்து பாதியில் நின்றது என்பதையெல்லாம் புரிந்துகொள்வதற்குள் அவருக்கும் மாற்றல் வந்துவிடுகிறது. இதைப் பற்றிப் பேச்செடுத்தால், "உங்கள் பிள்ளைகளே டாக்டராகி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று கூட்டங்களில் சொல்கிறார்கள்.

பழங்குடியினருக்கு 1 விழுக்காடு இட ஒதுக்கீடும், 2020இல் வந்த அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் இல்லாவிட்டால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது என்பதை நன்றியோடு நினைக்கிறேன். இருந்தாலும் என் ஐயம் வேறு. மலைப் பிள்ளைகளையே தேர்ந்தெடுத்து மருத்துவம் படிக்க வைத்து, அவர்களை மலையிலேயே பணியாற்றச் செய்த இடம் எங்காவது உண்டா? அங்கே அவர்கள் நிலைத்தார்களா? அதற்கு எத்தகைய பயிற்சி தேவைப்பட்டது? "நீங்கள் திரும்பி வந்தே ஆக வேண்டும்" என்று நான் இந்த மாணவியரிடம் இப்போதே சொல்லலாமா? விவரம் அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் உதவியாக இருக்கும்.


பதில்: மேற்குமலை மருத்துவர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் வேலூரில் படித்துவிட்டு, நேபாளத்தின் மேற்கு மலை மாவட்டங்களில் சில ஆண்டுகள் பணியாற்றியவன். உங்கள் கேள்வியை நேபாளத்தார் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டு, பல வழிகளில் முயன்று, சிலவற்றில் வெற்றியும் சிலவற்றில் தோல்வியும் கண்டிருக்கிறார்கள். அதை இங்கே சொல்வது பயன்படும் என்று நினைக்கிறேன்.

திரிபுவன் பல்கலைக்கழகத்தின் கீழ் காட்மாண்டுவில் மருத்துவக் கல்வி நிறுவனம் 1972இல் தொடங்கப்பட்டது. முதலில் அங்கே சுகாதார உதவியாளர் போன்ற இடைநிலைப் பணியாளர்களைத்தான் பயிற்றுவித்தார்கள். 1978இல் எம்.பி.பி.எஸ். தொடங்கியபோது, கிராமங்களில் வேலை பார்த்த சுகாதார உதவியாளர்களுக்கு அதில் இடம் தந்தார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட்டு, பிரசவம் பார்த்து, மருந்து தீர்ந்துபோன நிலையத்தில் நோயாளிக்குப் பதில் சொல்லிப் பழகியவர்கள் இவ்வாறு மருத்துவ மாணவர்கள் ஆனார்கள்.

அந்தக் கல்லூரியின் முதல் 22 மாணவர் அணிகளில் படித்து முடித்த 710 பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிக் கண்டுபிடித்து, அந்த ஆய்வை 2012இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். 256 பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். அவர்களுள் 188 பேர் அமெரிக்காவில். 261 பேர் காட்மாண்டுவில். தலைநகருக்கு வெளியே நேபாளத்துக்குள் பணியாற்றியவர்கள் 193 பேர் மட்டுமே. பிந்தைய அணிகளில் வெளிநாடு போனவர்களின் பங்கு கூடிக்கொண்டே வந்திருக்கிறது. இது வருத்தம் தரும் கணக்குதான். ஆனால் அதற்குள் ஒரு செய்தி இருக்கிறது. முன்பு சுகாதார உதவியாளராக இருந்து மருத்துவம் படித்தவர்கள், கல்லூரியில் அறிவியல் படித்துவிட்டு நேராக வந்தவர்களைக் காட்டிலும் மூன்றரை மடங்கு அதிகமாகக் கிராமப்புற நேபாளத்தில் பணியாற்றினார்கள். கிராமத்தில் பிறந்தவர்கள் கிராமப்புற நேபாளத்தில் பணியாற்றும் வாய்ப்பும் தெளிவாகக் கூடியிருந்தது. வகுப்பில் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வந்தவர்களைவிட, கீழ் இடங்களில் தேறியவர்கள் இரண்டு மடங்கு அதிகமாகக் கிராமத்தில் இருந்தார்கள். மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஆள் எடுக்கும் எந்த அரசும் இந்த வரியை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும் என்பேன்.

காட்மாண்டுவை அடுத்த பாடனில், மருத்துவம் கற்பிக்கும் பாடன் சுகாதார அறிவியல் கழகம் 2008இல் எழுந்ததற்கும் இந்தக் கவலைதான் காரணம். அதன் முதல் துணைவேந்தர் அர்ஜுன் கார்க்கி. 2010இல் முதல் எம்.பி.பி.எஸ். அணி சேர்ந்தது. தொடக்க ஆண்டுகளில் அங்கே நுழைவுத் தேர்வு மட்டும் போதவில்லை. மாணவர் எந்த மாவட்டத்தில் பிறந்தார், எத்தகைய பள்ளியில் படித்தார், எந்தச் சமூகத்தவர் என்பனவற்றுக்கும் எடை தந்தார்கள். சிறு சிறு நேர்முகங்கள் பலவற்றை அடுத்தடுத்து வைத்து, அடுத்தவர் துன்பத்தை அவர் எப்படிக் கேட்கிறார் என்பதையும் பார்த்தார்கள். படிப்புக் காலத்தில் கணிசமான பகுதி கிராமங்களில் கழிகிறது. உதவித்தொகையில் படித்தவர்கள் படிப்பு முடிந்ததும் குறிப்பிட்ட ஆண்டுகள் ஊரகத்தில் பணியாற்றக் கடமைப்பட்டவர்கள்.

தேர்வு முறை இத்தனை முக்கியம் என்றாலும், எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்த ஓர் இளைஞரை மலை மாவட்ட மருத்துவமனையில் தனியாக நிறுத்தினால் அவர் ஓடிப்போவார். அவர் உள்ளூர்க்காரர் என்றால் இன்னும் விரைவாக ஓடுவார் என்பது என் அனுபவம். கண்முன்னே இறப்பவர் அவருக்குத் தெரிந்தவராக இருப்பார். செய்ய வேண்டியது என்ன என்று அவருக்குப் புத்தக அளவில் தெரியும், கை வராது. இதை உணர்ந்துதான் 1982இலேயே, கனடாவின் கால்கரிப் பல்கலைக்கழகத்தின் துணையோடு, பொது மருத்துவத்தில் மூன்றாண்டு முதுநிலைப் படிப்பை நேபாளத்தில் தொடங்கினார்கள். சிசேரியன், எலும்பு முறிவு, குடல்வால் அறுவை, குழந்தை நோய், மயக்க மருந்து என்று மாவட்ட மருத்துவமனைக்கு வரும் அனைத்தையும் ஒருவரே கையாளும்படி பயிற்றுவிக்கும் படிப்பு அது.

நான் கண்ட ஓர் இரவைச் சொல்கிறேன். குழந்தையின் கை வெளியே வந்துவிட்ட நிலையில் ஒரு பெண்ணைக் கூடையில் வைத்து நெற்றிப்பட்டையால் சுமந்துகொண்டு வந்தார்கள். பொது மருத்துவ முதுநிலை முடித்த நேபாள மருத்துவர் ஒருவர் பணியில் இருந்தார். தண்டுவடத்தில் மயக்க ஊசி போட்டவர் மருத்துவர் அல்லர். பக்கத்துப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த, மயக்க மருந்து உதவியாளராகத் தனிப் பயிற்சி பெற்ற ஒருவர். இரத்த வங்கி கிடையாது. ஆய்வகச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்து, அதே இரத்த வகை உள்ள கடைக்காரர் ஒருவரைத் தட்டி எழுப்பிக் கூட்டிவந்தார்கள். கருவியைக் கொதிக்கவைத்துத் தந்த உதவியாளர் அந்த ஊர்க்காரர். குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை, தாய் பிழைத்துக்கொண்டார். அந்த நால்வரில் ஒருவர் இல்லாதிருந்தாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார்.

இந்தக் குழுவை உருவாக்குவதையே வேலையாகக் கொண்டு 2006இல் தொடங்கப்பட்டது நிக் சைமன்ஸ் நிறுவனம். மயக்க மருந்து உதவியாளர், பயிற்சி பெற்ற பிரசவப் பணியாளர், மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பவர் ஆகியோருக்கு அது பயிற்சி தருகிறது. மாவட்ட மருத்துவமனைக்கு ஒரு பொது மருத்துவ முதுநிலை மருத்துவரை அனுப்பும்போதே, அவர் குடும்பத்தோடு தங்க ஏற்ற குடியிருப்பையும் இணையத் தொடர்பையும் தொடர் பயிற்சியையும் சேர்த்தே ஏற்பாடு செய்கிறது. குடியிருப்பு என்பது சிறிய செய்தியாகத் தோன்றலாம். குழாயில் தண்ணீர் உறைந்துபோகும் ஊரில், கூரை ஒழுகும் ஓர் அறையில் கைக்குழந்தையோடு இருந்து பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

கர்னாலிப் பகுதியின் ஜும்லாவில் 2011இல் கர்னாலி சுகாதார அறிவியல் கழகத்தைத் தொடங்கியதையும் குறிப்பிட வேண்டும். பயிற்சி நிறுவனத்தையே மலைக்குக் கொண்டுபோகும் முயற்சி அது. எலும்பு அறுவை மருத்துவர் கோவிந்த கே.சி. 2018இல் 27 நாள் இருந்த உண்ணாவிரதத்தைத் தொடங்கியதும் அந்த ஜும்லாவில்தான். மருத்துவக் கல்வி காட்மாண்டுவில் குவியக் கூடாது, பணம் படைத்தவர்களின் சொத்தாகக் கூடாது என்பவை அவருடைய நெடுநாள் கோரிக்கைகள்.


பதில்: பந்தலூர் செவிலி

டாக்டர் ஐயா நால்வரைப் பற்றி எழுதியதைப் படித்ததும் நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் நீலகிரியில் செவிலியாகப் பணியாற்றுகிறேன். பணியர் சமூகத்தைச் சேர்ந்தவள்.

ஆசிரியை அம்மா "டாக்டர்" என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் மாற்றம் டாக்டரிடமிருந்து மட்டும் தொடங்கவில்லை. கூடலூரில் 1986இல் பழங்குடியினருக்காகப் பணியாற்றும் அக்கார்டு என்ற தொண்டு அமைப்பும், அதைத் தொடர்ந்து 1990இல் ஆதிவாசி மருத்துவமனையும் வந்தபோது, பணியர், பெட்டகுறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் பெண்களையே தேர்ந்தெடுத்துச் சுகாதாரப் பணியாளர்களாகவும் செவிலியராகவும் பயிற்றுவித்தார்கள். தருமபுரி மாவட்டம் சித்தேரி மலைகளுக்கும் கல்வராயன் மலைகளுக்கும் இடையில் உள்ள சிட்லிங்கியில், 1993 முதல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் செய்ததும் இதே வழிதான். அங்கே பிரசவ அறையில் நிற்பவர்கள் அந்தப் பள்ளத்தாக்கின் பெண்கள்.

இதனால் என்ன நடக்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் மக்களிடையே அரிவாள் செல் இரத்தசோகை உண்டு. உடம்பெல்லாம் தாங்க முடியாத வலியோடு வருவார்கள். வலி என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பேசாமல் சுவரோரம் குந்தியிருப்பார்கள். மொழி தெரியாதவர் அதைப் பார்த்து, இவருக்கு ஒன்றும் இல்லை, வரிசையில் கடைசியில் பார்க்கலாம் என்று நினைத்துவிடுவார். முன்பு நான் பயிற்சிக்குச் சென்றிருந்த ஒரு பெரிய மருத்துவமனையில் அப்படித்தான் எங்கள் ஊர் அண்ணன் ஒருவரை உட்காரவைத்திருந்தார்கள். அவர் யாரிடமும் சொல்லாமல் எழுந்து, பேருந்து ஏறி, ஊருக்குத் திரும்பிவிட்டார். வரிசையில் நின்று எங்கள் மொழியில் ஒரு வார்த்தை கேட்கும் ஆள் இருந்திருந்தால் அவர் போயிருக்க மாட்டார்.

ஆகவே அந்த மாணவியருக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் எல்லாம் போயிற்று என்று தயவுசெய்து நினைக்கவிடாதீர்கள். செவிலியர் படிப்பு, ஆய்வகப் படிப்பு, மயக்க மருந்துத் தொழில்நுட்பப் படிப்பு ஆகியவற்றையும் அவர்கள் முன் வையுங்கள். இரண்டாந்தரம் என்ற தொனி மட்டும் அதில் வேண்டாம்.


பதில்: சமூகநீதி வாசகர்

ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நகரத்து மருத்துவரின் மகன் மருத்துவம் படித்தால், அவன் எங்கே பணியாற்ற வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. பழங்குடிப் பெண் ஒருத்தி முட்டிமோதி அந்த இடத்துக்கு வந்ததும், "நீ மலைக்குத் திரும்பிப் போ" என்கிறோம். அவளுக்கு இதயநோய் வல்லுநராக, ஆராய்ச்சியாளராக, சென்னையில் பேராசிரியராக ஆகும் ஆசை இருக்கக் கூடாதா? மலைக்கு மருத்துவர் அனுப்புவது அரசின் கடமை. அந்தக் கடமையை, இதுவரை அரசால் கவனிக்கப்படாமல் இருந்தவர்களின் பிள்ளைகள் தலையிலேயே சுமத்துவது நியாயமாகத் தெரியவில்லை. ஆசிரியை அவர்கள் "திரும்பி வந்தே ஆக வேண்டும்" என்று அந்த மாணவியரிடம் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.


பதில்: ஜவ்வாதுமலை ஆசிரியை

மூவருக்கும் நன்றி. சமூகநீதி வாசகர் சொன்னது என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. அவர் கருத்தை ஏற்றுக்கொள்கிறேன், அப்படி நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த மாணவி தானாகவே திரும்பி வர விரும்பினால், அவளுக்கு வழி இருக்கிறதா என்பதையாவது தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். நேபாளத்தில் சுகாதார உதவியாளர் மருத்துவரானதைப் போல, இங்கே செவிலியாகப் பணியாற்றிய ஒருவர் பின்னாளில் மருத்துவம் படிக்க முடியுமா?


பதில்: மேற்குமலை மருத்துவர்

சமூகநீதி வாசகர் எழுப்பியது அடிப்படையான கேள்வி. என் நிலைப்பாடு இது: கடமை என்று ஒன்று வைத்தால், அரசுச் செலவில் படிக்கும் அனைவருக்கும் ஒன்றாக வைக்க வேண்டும், கால வரம்பு இருக்க வேண்டும், அது முடிந்ததும் மேலே போகும் வழி அடைபடக் கூடாது. நேபாளத்தில் அரசு உதவித்தொகையில் எம்.பி.பி.எஸ். படித்தவர்கள், எந்த ஊரில் பிறந்திருந்தாலும், இரண்டாண்டு ஊரகப் பணிக்குக் கட்டுப்பட்டவர்கள்.

செவிலி மருத்துவராவது பற்றிய கேள்விக்கு வருகிறேன். இந்தியாவில் அதற்குத் தனி வழி கிடையாது. பத்தாண்டு பிரசவ அறையில் நின்ற செவிலியும் பதினேழு வயது மாணவி எழுதும் அதே நீட் தேர்வைத்தான் எழுத வேண்டும். 2022இல் உச்ச வயது வரம்பை நீக்கியதால், பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர் எந்த வயதிலும் எழுதலாம் என்ற அளவில் கதவு திறந்திருக்கிறது. அவருடைய அனுபவத்துக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. பிலிப்பைன்ஸில் லெய்ட்டே தீவில் 1976இல் தொடங்கிய சுகாதார அறிவியல் பள்ளியில் வேறு மாதிரி செய்கிறார்கள். ஊரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. அவர் முதலில் மருத்துவச்சியாகப் படிக்கிறார், ஊருக்கு வந்து வேலை பார்க்கிறார், மீண்டும் போய்ச் செவிலியாகிறார், பிறகு தகுதியும் ஊரின் தேவையும் இருந்தால் மருத்துவராகிறார். எந்தப் படியில் நின்றுவிட்டாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். பந்தலூர்ச் சகோதரி போன்றவர்களுக்கு அத்தகைய படிக்கட்டு ஒன்று நம் நாட்டில் இல்லாதது பெருங்குறை என்று கருதுகிறேன்.


பதில்: ஆரம்ப சுகாதார நிலையத்தான்

நான் இப்போது கொல்லிமலைப் பக்கம் அரசுப் பணியில் உள்ள மருத்துவன். மேற்படிப்பைப் பற்றி ஆசிரியை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. தொலைதூரப் பகுதிகளிலும் கடினமான பகுதிகளிலும் பணியாற்றும் அரசு மருத்துவர்களுக்கு, முதுநிலை நீட் தேர்வில் ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 10 விழுக்காடு என்ற வீதத்தில் 30 விழுக்காடு வரை ஊக்க மதிப்பெண் தர விதியில் இடம் உண்டு. பணியில் உள்ள மருத்துவர்களுக்கு முதுநிலை இடங்களை ஒதுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கு அது. மலைக்கு இளம் மருத்துவர்கள் வருவதற்கு இவை பெரிய காரணம். அவர்கள் மூன்றாண்டில் கிளம்பிவிடுவதற்கும் இவையே காரணம். ஊக்க மதிப்பெண் மலைக்கு ஆளைக் கொண்டுவருகிறது, மலைக்குப் பயன்படும் திறமையைக் கொண்டுவருவதில்லை. இங்கிருந்து போகிறவர் கதிரியக்கவியலோ தோல் மருத்துவமோ படித்துவிட்டால், பிறகு மலையில் அவருக்கு வேலையே இராது.

உங்கள் மாணவி திரும்பி வர விரும்பினால் குடும்ப மருத்துவத்தில் டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியம் தரும் பட்டம்) என்றொரு மூன்றாண்டு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. நேபாளத்துப் பொது மருத்துவப் படிப்புக்கு நம்மிடம் அருகில் உள்ளது அதுதான். மகப்பேறு மருத்துவமும் மயக்கவியலும்கூட மலையடிவாரத் தாலுகா மருத்துவமனைகளில் மிகவும் தேவைப்படுபவை. இதெல்லாம் இன்னும் ஆறேழு ஆண்டுக்குப் பிறகு வரும் பேச்சு.

இப்போது செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இரு மாணவியரின் பழங்குடிச் சாதிச் சான்றிதழும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். கலந்தாய்வு நேரத்தில் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைந்து இடத்தைக் கோட்டைவிட்ட பிள்ளைகளை நான் அறிவேன். விண்ணப்பம் போட்டு எண் வந்திருந்தால், அந்த எண்ணோடு நேரில் சென்று விசாரணை எந்த நிலையில் நிற்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.


பதில்: ஜவ்வாதுமலை ஆசிரியை

ஒருத்தியிடம் சான்றிதழ் இருக்கிறது. மற்றவளுக்கு விண்ணப்பம் நிலுவையில் உள்ளது. திங்கட்கிழமை அவள் தந்தையை அழைத்துக்கொண்டு, தலைமையாசிரியரின் கடிதத்தோடு நானே கோட்டாட்சியர் அலுவலகம் செல்கிறேன். பந்தலூர்ச் சகோதரிக்கு ஒரு வேண்டுகோள்: என் மாணவியர் உங்களோடு தொலைபேசியில் பேச விரும்புகிறார்கள். உங்களுக்கு ஓய்வான நேரத்தைத் தனிச் செய்தியில் தெரிவித்தால் மாலைப் படிப்பு நேரத்தில் அவர்களைப் பேசச் சொல்கிறேன்.


பதில்: பந்தலூர் செவிலி

கட்டாயம் பேசலாம் அம்மா. இந்த வாரம் எனக்கு இரவுப் பணி. மாலை ஐந்து மணிக்கு மேல் எந்த நாளும் அழைக்கச் சொல்லுங்கள். எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.